தங்கவயலின் செயற்கைப் பாலையும் தடமற்ற வண்டிப் பயணமும்

குடும்பத்தோடு ஜீப்பிலோ மோட்டார் சைக்கிளிலோ சாலையை விட்டு விலகி, மணல்வெளியில் ஒரு பகல் முழுவதும் சுற்றித் திரும்பும் வழக்கம் நம் நாட்டில் பெருகி வருகிறது. ராஜஸ்தானத்தின் மணற்குன்றுகளும் குஜராத்தின் உப்புவெளிகளும் இவ்வகைப் பயணிகளை ஈர்ப்பவை. தென்னாட்டில் பாலைவனம் இல்லை. எனினும் பாலைவனத்தை ஒத்த ஒரு நிலம் உண்டு. அதுவே கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் உள்ள சயனைடு மேடுகள். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த கன்னடத் திரைப்படங்கள் இந்த மேடுகளை நாடெங்கும் அறிமுகப்படுத்தின. அவற்றின்மீது வண்டி ஏற்றிப் பார்க்கும் ஆசை இளைஞரிடையே இயல்பாகவே எழுகிறது. அந்த ஆசையின் விலை என்ன, அதை யார் செலுத்துகின்றனர் என்பதை ஆராய்வது பயனுடையது.

மழை குறைந்ததால் அன்று

பழந்தமிழ் மரபு பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வளம் குன்றித் திரிந்த நிலையே பாலை என்று கொண்டது. தங்கவயலுக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். ஜெய்சால்மர் ஆண்டுக்கு இருநூறு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெறுகிறது. கோலார் மாவட்டத்திலோ ஏறத்தாழ எழுநூறு மில்லிமீட்டர் பெய்கிறது. சுற்றிலும் கேழ்வரகும் காய்கறியும் விளைகின்றன. இவற்றின் நடுவே புல்லும் முளைக்காத வெண்சாம்பல் மேடுகள் நிற்கின்றன. வானம் பொய்த்ததால் இந்தப் பாலை உண்டாகவில்லை. மனித உழைப்பின் எச்சமாக உண்டாயிற்று.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கத் தொழிலை மேற்கொண்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து நீர்மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் எண்ணூறு டன் தங்கம் எடுக்கப்பட்டது.

ஒரு டன் பாறையில் தங்கம் கிராம் கணக்கில்தான் கிடைக்கும். ஆகவே வெட்டி எடுத்த பாறை ஏறக்குறைய முழுவதும் கழிவே. பாறையை ஆலையில் மாவாக இடித்து, முதலில் பாதரசத்தாலும் பின்னர் நீர்த்த சயனைடு கரைசலாலும் தங்கத்தைப் பிரித்தனர். கரைசலில் சேர்ந்த தங்கத்தைத் துத்தநாகத்தைக் கொண்டு மீட்டனர். எஞ்சிய மாவைச் சேறாகக் கொட்டினர். அது உலர்ந்து, பல மாடிக் கட்டடங்களின் உயரத்துக்கு வளர்ந்தது. இன்று பதின்மூன்று மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு குவிந்துள்ளது.

மேட்டில் ஏன் எதுவும் முளைப்பதில்லை?

‘சயனைடு இருப்பதால்’ என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அது முழு உண்மையன்று. சயனைடு வெயிலாலும் காற்றாலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாமல் நிற்பவை வேறு. பாறையில் இருந்த கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாகின்றன. ஆர்சனிக் முதலிய நச்சுப் பொருள்கள் அக்கனிமங்களோடு சேர்ந்தே இருப்பவை. அவை காலத்தால் அழிவதில்லை. மேலும் இந்த மாவில் மக்கிய இலை தழை இல்லை, தழைச்சத்தும் இல்லை. துகள்கள் மிக நுண்ணியவையாதலால் ஈரத்தில் இறுகி, வெயிலில் வெடிக்கின்றன. விதை விழுந்தாலும் வேர் இறங்க வழியில்லை.

ஆயினும் இயற்கை இந்த மேட்டுக்கு ஒரு காப்பை அளித்துள்ளது. மழை நனைத்து வெயில் உலர்த்தும்போது உப்புகளும் நுண்துகள்களும் பிணைந்து மேற்பரப்பில் மெல்லிய ஓடு ஒன்று படிகிறது. கீழே உள்ள தளர்ந்த தூசியைக் காற்று அள்ளிச் செல்லாமல் ஓரளவேனும் தடுப்பது இவ்வோடேயாகும்.

சக்கரம் செய்வது என்ன?

ஒரு ஜீப்பின் சக்கரம் இருபது சென்டிமீட்டர் அகலமுள்ளதெனக் கொள்வோம். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே சென்றாலும் இரு தடங்கள் விழும். பத்துக் கிலோமீட்டர் ஓடினால் நொறுங்கும் பரப்பு நாலாயிரம் சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஒரு குடும்பத்தின் ஒரு பகல் இன்பத்துக்கு ஓர் ஏக்கர் ஓடு உடைகிறது. சரிவுகளில் சக்கரம் வழுக்கிச் சுழலும்போது சேதம் இன்னும் மிகும். அத்தடங்களில் மழைநீர் ஓடி வாய்க்கால்களாக அறுக்கிறது. கழிவு தாழ்ந்த வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இறங்குகிறது.

உடைந்த இடத்திலிருந்து தூசி கிளம்புகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது குடியிருப்புகளை நோக்கிச் செல்கிறது. இத்தூசியில் பெரும்பங்கு சிலிக்கா. பத்து மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூச்சோடு நெஞ்சுக்குள் புகும்; அவற்றுள் மிக நுண்ணியவை நுரையீரலின் அடிவரை சென்று தங்கும். தங்கவயல் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. 1947இல் வெளிவந்த ஆய்வு, இங்கு சோதிக்கப்பட்ட தொழிலாளரில் 43.7 விழுக்காட்டினரிடம் சிலிகோசிஸ் நோய் இருந்ததாகக் கூறிற்று. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து, பாதாளத்தில் உழைத்து, நெஞ்சில் கல்தூசியைச் சுமந்த அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளே இன்று மேட்டின் அடியில் உள்ள ‘லைன்’ வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களில் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் சென்று இரவில் திரும்புகின்றனர். திறந்தவெளித் தூசியும் சுரங்கத் தூசியும் அளவில் ஒன்றல்ல. எனினும், பாட்டன் பெற்ற நோயின் மூலப்பொருளைப் பேரனின் முற்றத்தில் கிளப்பிவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

இயற்கைப் பாலைகள் தரும் பாடம்

உண்மையான பாலைவனங்களிலும் மேலோடு உண்டு. அங்கு அது உயிருள்ள ஓடு. நீலப்பசும் பாசிகளும், கற்பாசிகளும், நுண்ணிய பூஞ்சை இழைகளும் மணலைப் பிணைத்து, ஈரத்தைக் காத்து, நிலத்துக்குத் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. ஒருமுறை நொறுங்கினால் மீள்வதற்குப் பல ஆண்டுகளும், வறண்ட இடங்களில் பல பத்தாண்டுகளும் ஆகும். அமெரிக்காவின் மொஹாவி பாலையில் 1942 முதல் 1944 வரை நடந்த படைப்பயிற்சியின் டாங்கித் தடங்கள் இன்றும் காணப்படுகின்றன.

நம் நாட்டில் ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவன தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் அங்கு வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடுகிறது. தடம் மாறிய ஒரு சக்கரம் ஒரு பறவையின் அவ்வாண்டு முயற்சி முழுவதையும் அழித்துவிடக் கூடும். 1973இல் அமைந்த கட்ச் சிறிய ரண் காட்டுக்கழுதைச் சரணாலயத்திலும் வண்டிகள் குறித்த தடங்களில் செல்ல வேண்டும் என்பதன் காரணம் இதுவே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்தினுள் அனுமதிச் சீட்டின்றி நுழைவதையும், விலங்குகளின் வாழிடத்தைச் சிதைப்பதையும் தடுக்கிறது. பொதுச்சாலை வழியே கடந்து செல்வோருக்கு விலக்கு உண்டு.

தங்கவயல் மேடுகள் சரணாலயமல்ல. ஆனால் அவை உரிமையாளரற்ற புறம்போக்கும் அல்ல. சுரங்க நிறுவனத்தின் நிலங்கள். அனுமதியின்றி நுழைவது அத்துமீறலாகும். சுற்றியுள்ள புதர்வெளிகளில் வெளிமான்கள் மேய்கின்றன. மேற்கூறிய சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்பை அளிக்கும் முதல் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு அது. மேலும் மழைநீர் அறுத்த பள்ளங்கள், திடீரெனச் சரியும் விளிம்புகள், அடிவாரத்தில் தேங்கும் அமில நீர், கைவிடப்பட்ட சுரங்க வாய்கள் ஆகியன குழந்தைகளோடு செல்வோருக்குப் பேராபத்தானவை.

செய்யத்தக்கவை

தடை விதிப்பதோடு கடமை முடிந்துவிடாது. சுரங்கம் மூடிய ஊருக்கு வருவாய் தேவை. பார்வையாளரின் ஆர்வம் அதற்கு ஒரு வழியாகலாம். மேடுகளைத் தொலைவிலிருந்து காண்பதற்குச் சாலையோரத்தில் ஒரு காட்சியிடம் அமைக்கலாம். சுரங்கக் கோபுரங்களையும் பழைய கட்டடங்களையும் அனுமதியுடன் காட்டுவதற்கு உள்ளூர் இளைஞருக்கு வழிகாட்டிப் பயிற்சி தரலாம். பேத்தமங்கலம் ஏரி போன்ற இடங்களை இணைத்து, சாலை வழியாகவே ஒரு பகற்பயணத்தை வகுக்கலாம். மேட்டின் சரிவுகளில் மண் பரப்பி, அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பிட்டு, வறட்சி தாங்கும் புற்களை வளர்ப்பது தூசியை அடக்கும் நிலையான வழி.

இவற்றுக்கு அவசரமும் உண்டு. 1,003.4 ஏக்கர் பரப்பிலுள்ள இப்பதின்மூன்று மேடுகளையும் ஏலம் விட்டு, எஞ்சிய கனிமங்களை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவளித்தது. மேட்டை மீண்டும் கிளறினால், ஜீப்புகள் கிளப்பும் தூசி அதன்முன் அற்பமாகிவிடும். தூசியை நனைத்தல், எடுத்துச் செல்லும் வண்டிகளை மூடுதல், காற்றின் தரத்தை அளந்து முடிவுகளை மக்கள் அறியச் செய்தல், வேலையில் உள்ளூரார்க்கு முதலிடம் ஆகிய நிபந்தனைகள் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

ஒரு தலைமுறையின் செல்வம் அடுத்த தலைமுறையின் சுமையாகக் குவிந்து கிடப்பதைத் தங்கவயல் காட்டுகிறது. அதைக் காண வரும் குடும்பம் சாலையில் நின்று தன் பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றைச் சொல்லட்டும். மேட்டின்மீது தடம் பதிக்காமல் திரும்புவதே அங்கு உழைத்தவர்களுக்கும் இன்று வாழ்பவர்களுக்கும் செய்யும் மரியாதையாகும்.