பேசாத பெண்ணின் மனசை ஒலி எப்படிச் சொல்கிறது?

விசைத்தறி ஓடும் வீட்டில் அந்தச் சத்தம் யார் காதிலும் விழுவதில்லை. பாளையம்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தடதடப்புக்கு நடுவிலேயே தூங்கும், பாடம் படிக்கும். அதே பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டு அப்பாவிடம் சொல்லப் பயந்து நிற்கும் நாளில், தறியின் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழும். சினிமாவின் ஒலி வடிவமைப்பு இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஊரில் என்ன சத்தம் இருந்தது என்பதைவிட, அந்த ஆளுக்கு அப்போது எது கேட்டது என்பதே அதற்கு முக்கியம்.

சில இயக்குநர்கள் இல்லாத சத்தத்தையே கொண்டுவருவார்கள். ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் ‘மேகே டாக்கா தாரா’வில் (1960), தன் தங்கையோடு காதலன் இருப்பதை அறிந்த நீதா படி இறங்குகிறாள். அப்போது சாட்டை சொடுக்கும் ஒலி கேட்கிறது. அங்கே யார் கையிலும் சாட்டை இல்லை.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024) இதற்கு நேரெதிர் வழியில் போகிறது. மதுரைப் பக்கத்து வறண்ட நிலம். நம் ஊர் ஆட்களுக்குப் பழகிய வெயில். பின்னணி இசை கிடையாது. சுரேன் ஜி.யும் அழகியகூத்தனும் அமைத்த ஒலியில் ஆட்டோ இன்ஜின், பைக், காற்று, காலைக் கட்டிப்போட்ட சேவல், தொண்டை கட்டிய பாண்டியின் கரகரப்பு ஆகியவைதான் இருக்கின்றன. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டதென்று, அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டியும் வீட்டாரும் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். அவள் வாய் திறப்பதே அரிது.

வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு. மீனா அதைச் சன்னமாக முணுமுணுக்கிறாள். பாண்டி வெறிபிடித்து அவளை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். அவள் மனசு இன்னும் அந்தப் பையனிடம்தான் இருக்கிறது என்று அந்த முணுமுணுப்பு சொல்லிவிட்டது. படம் முழுக்க வயலின் ஓடியிருந்தால் அந்தச் சின்னக் குரல் அதில் அமுங்கியிருக்கும். இசையை விலக்கிய துணிச்சலுக்கு முழுப் பலன் கிடைப்பது இந்த இடத்தில்தான் என்பேன்.

நுட்பம் எளிதுதான். ட்ரெபிளைக் குறைத்தால் உலகம் மங்கி, ஆள் தனக்குள் போய்விட்டது தெரியும். மைக்கை வாயருகே வைத்து மூச்சைப் பதிவுசெய்தால் பயம் பக்கத்தில் வரும். சுற்றுச் சத்தத்தைச் சட்டென்று நிறுத்தினால் அதிர்ச்சி. எதைச் செய்வதற்கும் முதலில் அந்த இடத்தின் வெறும் சத்தம் தனியாகக் கையில் இருக்க வேண்டும். குறும்படம் எடுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நடிகர்கள் போனபிறகு, எல்லோரையும் வாய்மூடி நிற்கச்சொல்லி, தறிக்கூடத்தில் படம் எடுத்திருந்தால் அதே தறிக்கூடத்தில் இரண்டு நிமிடம் ரெக்கார்டரை ஓடவிடுங்கள்.