பண்டிகை வந்தால் பதற்றம் ஏன்?

தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கும்போதே பல வீடுகளில் பரபரப்புத் தொடங்கிவிடுகிறது. துணி எடுக்க வேண்டும். பலகாரம் செய்ய வேண்டும். தலைத் தீபாவளிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைக்க வேண்டும். எல்லாம் மகிழ்ச்சிக்காகத்தான். ஆனால் பண்டிகை முடிந்த மறுநாள் பார்த்தால் ஒருவருக்குத் தலைவலி, மற்றொருவருக்கு எரிச்சல். "இவ்வளவு செலவாகிவிட்டதே" என்று தந்தைக்குக் கவலை. "நாத்தனாருக்குச் சரியாகச் செய்யவில்லையே" என்று தாய்க்குக் குறை. மகிழ்ச்சி தர வந்த நாள் நம்மை ஏன் இப்படி வாட்டுகிறது?

மாறுதலுக்கு மதிப்பெண்

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் 1967-ஆம் ஆண்டில் ஒரு பட்டியலை வெளியிட்டனர். வாழ்வில் நேரும் 43 மாறுதல்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு மாறுதலுக்கும் ஏற்ப நம்மைச் சரிசெய்துகொள்ள எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைப் பலரிடமும் கேட்டு அவர்கள் மதிப்பெண் வழங்கினர். வாழ்க்கைத் துணையின் மரணத்திற்கு 100, மணவிலக்கிற்கு 73, திருமணத்திற்கு 50. பட்டியலின் கடைசிக்கு முந்திய இடத்தில் கிறிஸ்துமஸ் பண்டிகை! அதற்கு 12.

"பன்னிரண்டுதானே?" என்பீர்கள். ஆனால் பண்டிகை தனியே வருவதில்லை. அதே பட்டியலில் தூக்கம் மாறுவதற்கு 16, உணவுப் பழக்கம் மாறுவதற்கு 15, உறவினர் கூடுவது மாறுவதற்கு 15, சிறு கடனுக்கு 17. கூட்டிப் பாருங்கள்: 75 ஆகிறது. பண்டிகை மணவிலக்கைவிடக் கொடியது என்று இதற்குப் பொருளல்ல. இவை அமெரிக்க மக்களிடம் கண்ட சராசரி மதிப்பீடுகளே. ஆயினும் ஓர் உண்மை விளங்குகிறது. நல்ல மாறுதலானாலும் உடலுக்கு அது வேலைதான்.

உடலில் நடப்பது என்ன?

ஆபத்து நேரும்போது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, செரிமானம் மந்தமாகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை விளக்கியவர் வால்டர் கேனன். பாம்பைக் கண்டு ஓடுபவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. சில நிமிடங்களில் அடங்கியும்விடும்.

ஆனால் நெருக்கடி நாட்கணக்கில் நீடித்தால்? ஹான்ஸ் செலி 1936-இல் இதை எலிகளிடம் ஆராய்ந்தார். குளிர், காயம், மருந்து என்று எந்தத் தொல்லை நீடித்தாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. முதலில் உடல் விழித்துக்கொள்கிறது. பின்பு தாங்கி நிற்கிறது. முடிவில் களைத்து ஓய்கிறது.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு வரை அடுப்பின் முன் நின்று, எண்ணெய்க் குளியலுக்கு விடியுமுன் எழுந்து வெந்நீர் போடுபவர் யார்? பெரும்பாலும் தாய்தான். எல்லாரும் புத்தாடை உடுத்தி மகிழும் நேரத்தில் அவருடைய உடல் களைப்பின் எல்லையில் நிற்கிறது.

குற்ற உணர்வு

பிறருக்குத் தீங்கு செய்துவிட்டால் மனம் உறுத்துவது நல்லதே. அது நம்மைத் திருத்துகிறது. பண்டிகைக் காலத்துக் குற்ற உணர்வோ பெரும்பாலும் வேறு வகை. பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டு, "நாம் செய்தது போதாது" என்று வருந்துவது அது. "இதனால் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நேர்ந்திருந்தால் சரிசெய்யுங்கள். இல்லையெனில் அக்கவலையை விட்டுவிடுங்கள்.

இனிப்பு உண்டதற்காகவும் பலர் வருந்துவர். நீரிழிவு உள்ளவர்கள் அதற்குப் பரிகாரமாக மறுநாள் பட்டினி கிடப்பது தவறு. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உண்ணாமலிருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அளவோடு உண்டு, வழக்கமான மருந்தையும் உணவையும் தொடர்வதே முறை.

செய்யக்கூடியவை

வேலைகளை எழுதி வையுங்கள். தேவையற்றவற்றை முதலிலேயே அடித்துவிடுங்கள். செலவுத் தொகையைக் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். முறுக்கு, தட்டை போன்றவற்றில் நீர்ச்சத்துக் குறைவு. ஆதலால் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை. அவற்றை ஒரு வாரம் முன்னதாகவே செய்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். கடைசி இரவின் தூக்கம் மிஞ்சும். மாணவர்களே, மாவு பிசைவதும் பாத்திரம் துலக்குவதும் அம்மாவுக்கு மட்டுமே உரிய வேலைகள் அல்ல. நீங்களும் அப்பாவும் பங்கெடுங்கள்.

பண்டிகை முடிந்து இரண்டு வாரங்களுக்கு மேலும் சோர்வும் தூக்கமின்மையும் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம்.

வரும் தீபாவளிக்கு ஒரு பலகாரம் குறைந்தால் யாருக்கும் நட்டமில்லை. அதைச் செய்யும் நேரத்தில் அம்மாவும் உங்களோடு உட்கார்ந்து மத்தாப்பைப் பார்க்கட்டும்.