புதிய பில் சரி, பழைய பில்?

2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. கடையின் பில்லிங் மென்பொருளில் புதிய விகிதத்தைப் பதிந்து, ஒரு பில் போட்டுப் பார்ப்பது செயல்பாட்டுச் சோதனை. அது மட்டும் போதாது. வரி நீங்கலாக ரூ.1,000 விலையில் செப்டம்பர் 20 அன்று விற்ற நெய் பின்னர் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் பழைய வரியான ரூ.120 இடம்பெற வேண்டும், ரூ.50 அன்று. புதிய மாற்றம் பழைய பணிகளைக் கெடுக்கவில்லை என்று உறுதி செய்வதே 'ரெக்ரஷன்' எனப்படும் மறுசோதனை.

ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் இதனைக் கையால் செய்வது கடினம். விற்பனை, தள்ளுபடி, திரும்பப் பெறுதல், கடன் நிலுவை எனப் பத்து மாதிரிப் பரிவர்த்தனைகளையும் அவற்றின் சரியான விடைகளையும் எழுதி வைத்தால், கணினியே அவற்றை இயக்கி ஒப்பிட்டுவிடும். பிரவுசரில் இயங்கும் மென்பொருளுக்குச் 'செலினியம்' என்னும் கருவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. சோதனையை நடப்புக் கணக்கில் அன்றி, அதன் நகலிலேயே நடத்துதல் வேண்டும்.

நடைமுறை மூலதனக் கடனைப் பரிசீலிக்கையில் தங்களின் ஜிஎஸ்டி விவரங்களையும் நாங்கள் காண்கிறோம். எனவே, மென்பொருள் வழங்குநரிடம் அடுத்த முறை கேளுங்கள்: "பழைய பில்களையும் சோதித்தீர்களா?"