நாப்தால் நூலும் கஞ்சி மருந்தும்

சென்ற மழைக்காலத்தில், தாம்பரத்துக்குத் தெற்கேயுள்ள நெசவாளர் சங்கமொன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். நாப்தாலில் தோய்த்த சிட்டங்களை இரவு முழுவதும் கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் டையஸோ கரைசலில் இட்டார்கள். சிவப்பு திட்டுத் திட்டாக விழுந்தது. பழி சாயக்கடைக்காரர்மீது சென்றது. எனக்கோ குற்றம் காற்றினுடையது என்றே பட்டது.

பீட்டா நாப்தால், கார்பாலிக் அமிலம் எனப்படும் பீனாலின் உறவினம். பீனால் பெயரளவில்தான் அமிலம். அதன் பலத்தைக் குறிக்கும் எண் 10, நாப்தாலுக்கு 9.5. எண் ஒன்று குறைந்தால் பலம் பத்து மடங்கு கூடும். காற்றின் கரியமில வாயு ஈரத்தில் கரைந்து உண்டாகும் அமிலத்துக்கோ எண் 6.4. காஸ்டிக் சோடாவின் துணையால் உப்பாகக் கரைந்து நிற்கும் நாப்தாலை அது பிரித்துவிடுகிறது. பிரிந்த நாப்தால் டையஸோவுடன் சரிவரக் கூடுவதில்லை. ஆகவே தோய்த்த நூலை ஈரக்காற்றில் காத்திருக்க வைத்தலாகாது.

பீனால் வளையத்தில் பிற அணுக்கள் ஏறினால் இந்த எண் மாறும். மீதைல் ஏறிய பாரா கிரெசால் 10.3, பலம் சற்றே குறைவு. நைட்ரோத் தொகுதியோ மின்னணுக்களைத் தன்பால் இழுப்பதால், ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். ஒரு நைட்ரோ எதிர்முனையில் ஏறினால் 7.2. மூன்று ஏறிய பிக்ரிக் அமிலம் 0.4, முன்னாளில் பட்டுக்கு மஞ்சள் ஊட்டிய இவ்வஸ்து, உலர்ந்தால் வெடிமருந்து!

நமக்கு நெருங்கிய விஷயம் ஐந்து குளோரின் ஏறிய பென்டாகுளோரோபீனால். எண் 4.7, ஏறத்தாழ வினிகரின் புளிப்புக்குச் சமம். கரியமில வாயு இதன் சோடிய உப்பை அசைக்காது. அதனாலேயே பாவுக்கஞ்சியில் பூஞ்சணம் பிடியாதிருக்க அதை உலகெங்கும் கலந்தார்கள். கஞ்சியைக் காரநீரில் அகற்றினால் உப்பு கரைந்து வெளியேறும். முதலில் அமிலமிட்டாலோ கரையாத பீனாலாகத் துணியிலேயே தங்கும். அது உடலுக்கு நஞ்சு.

1989 டிசம்பரில் ஜெர்மனி, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இது உள்ள பொருள்களைத் தடை செய்தது. பூஞ்சணத்துக்கு இதையே நம்பியிருந்த நம் தோல் தொழில் வேறு மருந்து தேட வேண்டியதாயிற்று. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துக்கு இது அந்நியச் செய்தியன்று. இந்தியாவில் தடையுற்ற பூச்சிமருந்துகளிலும் இது உண்டு. 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் இதைப் பட்டியலில் சேர்த்தது.

கஞ்சி மருந்து டின்னில் பெயர்ச்சீட்டு இல்லையெனில், அதைச் சரக்கிருப்பில் ஏற்று நான் கையொப்பமிடுவதில்லை. காரியதரிசிகள் கோபித்துக்கொள்வதுண்டு.