சிறிய வண்டி, பெரிய சக்கரம்

கையில் ஒரு சிறு பெட்டி. எதிரே இருபதடி தூரத்தில், உடலைவிடச் சக்கரங்களே பெரிதாகத் தெரியும் ஒரு பொம்மை லாரி. பெட்டியிலிருந்து கிளம்பும் வானொலி அலைக்குக் கட்டுப்பட்டு அது ஓடுகிறது, மேட்டில் ஏறிப் பாய்கிறது, குப்புற விழுகிறது. 'மான்ஸ்டர் டிரக்' என்பது அதன் பெயர். இத்தனை அடியையும் அது எப்படித் தாங்குகிறது? தாங்காதபோது எதை மாற்ற வேண்டும்? இதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

முதலில் பெரிய வண்டியின் கதையைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் பாப் சாண்ட்லர் என்பவர் 1974-ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-250 வண்டி ஒன்றை வைத்திருந்தார். மேடு பள்ளமெல்லாம் ஓட்டி அதன் பாகங்களை உடைப்பார். வேகமிதியை அழுத்தும் அவருடைய கனத்த காலைக் கேலி செய்து கடைக்காரர்கள் சூட்டிய 'பிக்ஃபுட்' என்ற பெயர் வண்டிக்கே நிலைத்துவிட்டது. பெரிய டயர் போட்டார், அச்சு தாங்கவில்லை. இராணுவ வண்டிகளின் கனத்த அச்சுகளைத் தேடிப் பொருத்தினார். அவை வந்ததும் இன்னும் பெரிய டயர் போட இடம் கிடைத்தது. பின்சக்கரங்களும் திரும்பும்படி செய்தார். 1981-இல் அவ்வண்டி பழைய கார்களின் மேல் ஏறி அவற்றை நசுக்கிக் காட்டியது. அடுத்து வந்த டயர்களின் உயரம் 66 அங்குலம், அதாவது ஐந்தரை அடி. நம்மில் பலர் அதன் பக்கத்தில் நின்றால் தலை மறைந்துவிடும்! இந்த வகை வண்டியே இப்படி உடைந்து, மாற்றி, மறுபடி உடைந்து பிறந்ததுதான்.

பொம்மை வண்டிக்கும் இதே கதைதான். 1987-இல் ஜப்பானின் டமியா நிறுவனம் 'கிளாட் பஸ்டர்' என்ற வண்டியை வெளியிட்டது. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். நான்கு சக்கரங்களும் இழுக்கும், நான்கும் திரும்பும். ஆனால் அந்த நான்கையும் திருப்புவதற்கு நடுச்சட்டத்தில் இருந்தது ஒரே ஒரு சர்வோ. சர்வோ என்பது கட்டளை வந்ததும் ஒரு சிறு கையை வேண்டிய அளவு திருப்பி நிறுத்தும் மோட்டார்ப் பெட்டி.

இங்கேதான் சங்கடம். சர்வோ சட்டத்தில் அசையாமல் இருக்கிறது. அச்சோ ஸ்பிரிங்கின் மேல் ஏறி இறங்குகிறது. இரண்டையும் இணைக்கும் கம்பியின் நீளம் மாறாது. ஆகவே அச்சு கல்லின் மேல் ஏறும்போதெல்லாம் கம்பி சக்கரத்தைத் தானாகவே சற்று இழுத்துத் திருப்பிவிடும். நாம் நேரே போகச் சொல்ல, வண்டி கோணலாகப் போகும். ஓட்டுபவர் மேல் பழி போடுவோம். பாவம், அவர் என்ன செய்வார்?

இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி, ஒவ்வோர் அச்சின் மேலும் தனித்தனியே ஒரு சர்வோவைப் பொருத்துவது. அச்சோடு சர்வோவும் சேர்ந்து ஏறி இறங்குவதால் கம்பி இழுபடுவதில்லை. பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்பவும் முடிகிறது. அச்சு கனத்துப்போவதால் ஸ்பிரிங்குக்கு வேலை கூடும் என்பது உண்மையே. ஆனாலும் சொன்ன இடத்துக்குப் போகாத வண்டியைவிட இது மேல் என்பது எங்கள் எண்ணம்.

சர்வோவின் வலிமையைக் கிலோகிராம்-சென்டிமீட்டர் என்ற அளவால் குறிப்பார்கள். 3 என்றால், 1 செ.மீ. நீளக் கையின் நுனியில் 3 கிலோவைத் தாங்கும்; கை 2 செ.மீ. ஆனால் ஒன்றரைக் கிலோதான். கீல் அருகே கதவைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இனி சக்கரம். பார்வைக்கு அழகு என்று பலர் முதலில் மாற்றுவது இதைத்தான். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தைக் கழற்றி 16 செ.மீ. சக்கரத்தை மாட்டினால் என்ன ஆகும்? ஒரு சுற்றுக்கு 60 சதவீதம் அதிக தூரம் ஓடும். அதே விசையோடு தரையைத் தள்ள மோட்டாரும் 60 சதவீதம் அதிகமாக முறுக்க வேண்டும். அது சூடேறிக் கருகும். மோட்டார் முனையிலுள்ள பினியனைப் பல் குறைந்ததாக மாற்றினால் பாரம் குறையும். வேகத்தில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். சக்கரம் அகன்று வெளியே தள்ளி நின்றாலோ, ஒவ்வொரு கல்லும் நீண்ட நெம்புகோலால் நெம்புவதுபோல அச்சின் நுனியையும் சர்வோவையும் பதம் பார்க்கும்.

அச்சுக்குள்ளும் கவனிக்க வேண்டியவை உண்டு. பிளாஸ்டிக் புஷ் இருக்கும் இடங்களில் பால் பேரிங் போடுவது செலவு குறைந்த, பலன் மிகுந்த மாற்றம். பல வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, கிண்ணத்தில் செருகிய எலும்புபோல இருக்கும். சக்கரம் அதிகம் திரும்பினால் நழுவிவிடும். அதற்கு யூனிவர்சல் ஜாயின்ட் வைத்த எஃகுத் தண்டு நல்லது.

எல்லாவற்றையும் எஃகாக்கிவிட்டால்? அடி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்! தண்டு தாங்கினால் பல்சக்கரம் பல் இழக்கும். அதுவும் தாங்கினால் சட்டம் விரியும். இதற்காகவே சர்வோவின் கைக்கு அருகில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு பாகம் உண்டு. சக்கரம் கல்லில் மோதும்போது அது வளைந்து கொடுத்து, உள்ளேயுள்ள பற்களைக் காப்பாற்றும். வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ்போல என்று வைத்துக்கொள்ளலாம். அதன் ஸ்பிரிங் மிகவும் இளகியிருந்தால் சக்கரம் திரும்பாது. மிகவும் இறுகியிருந்தால் அது இருந்தும் பயனில்லை. வண்டியைத் தரையில் வைத்துத் திருப்பும்போது சக்கரம் முழுதும் திரும்ப வேண்டும். கையால் பிடித்து அழுத்தமாகத் தள்ளினால் மட்டும் விலக வேண்டும். புதுச் சக்கரம் மாட்டிய அன்றே இப்படித் தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது.