கழித்தால் கிடைக்கும் எண்

செல்பேசியைப் பிரித்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் குட்டி மின்தேக்கிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் பொருளை நம்பியவை. சுமார் 120 டிகிரி செல்சியசுக்கு மேல் இதன் அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச்சிறு கூடு, ஒழுங்கான கனசதுரம். நட்டநடுவில் டைட்டானியம், சுற்றிலும் ஆறு ஆக்சிஜன். சூடு தணிந்ததும் டைட்டானியம் ஒரு பக்கமாக நகரும். ஓர் ஆங்ஸ்ட்ராமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பக்கத்துக் கூடுகளிலும் டைட்டானியம் அதே பக்கம் நகர்வதால் பொருளுக்குத் தானாகவே மின்முனைவாக்கம் வந்துவிடுகிறது. மின்புலம் கொடுத்தால் அதன் திசை புரளும். இப்படிப்பட்ட பொருளைத்தான் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் என்கிறோம்.

அந்த மின்முனைவாக்கம் எவ்வளவு? கணினிக்கு இது சின்ன வேலை என்றுதான் தோன்றும். எலக்ட்ரான்கள் எங்கே, எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் குவாண்டம் கணக்கு தந்துவிடும். ஒரு கூட்டைச் சுற்றிப் பெட்டி வரைந்து, நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தால் போதாதா? போதாது. பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வரைந்தால் விடை மாறிவிடும். படிகம் அதேதான், மாறியது நாம் போட்ட கோடு. எலக்ட்ரான் மேகம் அறுபடாமல் பரவியிருக்கிறது. இந்தக் கூட்டின் பங்கு இவ்வளவு என்று வெட்ட நியாயமான இடமே இல்லை.

1992-ல் இத்தாலிய இயற்பியலாளர் ரெஸ்டா கேள்வியையே மாற்றினார். கனசதுர நிலையிலிருந்து நகர்ந்த நிலைக்கு வரும்போது மின்முனைவாக்கம் எவ்வளவு மாறுகிறது என்று கேட்டார். மறு ஆண்டு கிங்-ஸ்மித்தும் வேண்டர்பில்ட்டும் எலக்ட்ரான் அலைகளின் கட்டத்திலிருந்து (phase) அந்த மாற்றத்தைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தந்தார்கள். வீட்டு மின்சார மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நிற்கும் எண்ணை வைத்து மட்டும் பில் போட முடியாது. போன ரீடிங்கைக் கழிக்க வேண்டும். பழைய மீட்டர் 99999-ஐத் தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல, சூத்திரத்தின் விடையும் ஓர் அளவைத் தாண்டினால் சுற்றிக்கொள்ளும். அதனால் அணுக்களைச் சிறுகச் சிறுக நகர்த்தி, அடிக்கு ஒரு ரீடிங் எடுக்கிறார்கள்.

சோதனைச்சாலையில் மட்டும் என்ன? மின்புலத்தைத் திருப்பிப் போட்டு, அப்போது சுற்றில் பாயும் மின்னூட்டத்தை அளக்கிறார்கள். பேரியம் டைட்டனேட் ஒற்றைப் படிகத்தில் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 52 மைக்ரோகூலூம். ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்கு முழுதாகப் புரண்டதன் கணக்கு இது என்பதால், அதில் பாதியான 26-தான் புத்தகங்களில் மின்முனைவாக்கம் என்று அச்சாகிறது. அதுவும் மாற்றத்தை அளந்து வந்த எண்தான். கணக்கும் சோதனையும் ஒன்றையே அளப்பதால்தான், இன்னும் யாரும் உலையில் வைக்காத ஒரு பொருளுக்குக்கூடக் கணினி இந்த எண்ணை முன்கூட்டியே சொல்ல முடிகிறது.