ரப்பர் மீனுக்கு வாய் திறக்கும் விரால்

ஞாயிறு விடியுமுன் ஜீவனஹள்ளியின் ஒரு வீட்டு வாசலில் தாத்தாவும் பேரனும் தூண்டிலுடன் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வட ஆற்காட்டு ஏரிக்கரையில் வளர்ந்தவர். அவருக்கு விரால் என்றால் மூங்கில் கழி, தங்கூசி, முள்ளில் குத்திய உயிர்த் தவளை. பேரன் கையிலோ விரல் நீளத்தில் வழவழப்பான ஒரு பொம்மை மீன். "ஏண்டா, இந்த ரப்பரையா விரால் தின்னும்?" என்று தாத்தா கேட்பார். "தின்னாது தாத்தா, ஏமாறும்" என்பான் பேரன். ஏமாற்றும் விதம் தெரிந்திருந்தால் பேரன் சொல்வது சரிதான்.

அமெரிக்காவில் பிறந்த பொம்மை

ரப்பர் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இது உண்மையில் மிருதுவாக்கப்பட்ட பி.வி.சி. பிளாஸ்டிக். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில், நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி 1949-இல் மண்புழு போன்ற பிளாஸ்டிக் இரையை உருவாக்கினார். அந்நாட்டில் 'பாஸ்' எனப்படும் வேட்டை மீனுக்காகப் பரவிய இந்த இரை, பிறகு புழு, தவளை, சிறுமீன் எனப் பல வடிவம் எடுத்தது.

பாஸ் நம் ஏரிகளின் மீன் அல்ல, வராமலிருப்பதே நல்லது. 1925-இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விடப்பட்ட இந்த மீன் பின்னர் பல நீர்நிலைகளுக்குப் பரவி, உள்ளூர்ச் சிறுமீன்களை வேட்டையாடித் தொல்லையாகிவிட்டது. பாஸ் செய்யும் வேலையை இங்கே விரால் செய்கிறது. பாசிக்கும் தாமரை இலைக்கும் அடியில் பதுங்கி, அருகில் வருவதைப் பாய்ந்து கவ்வுவது அதன் குணம். தமிழகக் கடலோர முகத்துவாரங்களில் கொடுவா மீனும் அப்படித்தான். ஆகவே அமெரிக்க வித்தை இரண்டுக்குமே பொருந்துகிறது.

வாலில் இருக்கிறது சூட்சுமம்

கடையில் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, வாலை. வால் நுனி குதிகால் போல் தட்டையாக மடிந்திருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோத, வால் இடமும் வலமும் அடிக்கும். அந்த அதிர்வை மீன் தன் விலாக்கோட்டு நரம்புகளால் உணர்கிறது. கலங்கிய நீரிலும் இரை இருக்குமிடம் அதற்குத் தெரிவது இதனால்தான். வாலுக்கு முன்னுள்ள கழுத்து மெல்லியதாக இருந்தால் மெதுவாக இழுத்தாலும் வால் ஆடும். தடித்திருந்தால் வேகமாக இழுக்க வேண்டும்.

விராலுக்கு மூன்று, நான்கு அங்குல மீன் போதும். தெளிந்த நீருக்குக் கெண்டைக்குஞ்சு போன்ற வெள்ளி, பழுப்பு நிறங்கள் ஏற்றவை. கலங்கலுக்குக் கறுப்பு அல்லது பளிச்சென்ற நிறம் நன்று.

முள்ளில் கோப்பது எப்படி?

திறந்த, ஆழமான நீர் என்றால் ஈயத்தலை கொண்ட முள் போதும். பாசி மண்டிய ஏரியில் அது ஒவ்வொரு வீச்சுக்கும் குப்பையை அள்ளி வரும். அங்கே கழுத்தில் வளைவும் அகன்ற வாயும் உள்ள முள் வேண்டும். நான்கு அங்குல மீனுக்கு 3/0 அல்லது 4/0 அளவு பொருந்தும். ஈயம் முள்ளின் வயிற்றுப் பக்கம் இருந்தால் பொம்மை கவிழாது. ஆழமில்லாத இடத்துக்கு மூன்று முதல் ஐந்து கிராம் ஈயம் போதுமானது.

முள் நுனியை மூக்கின் நடுவில் கால் அங்குலம் செலுத்தித் தாடையின் அடியில் வெளியே எடுக்க வேண்டும். முள்ளை இழுத்துத் திருப்பி, அதன் கழுத்து வளைவை மூக்குக்குள் பதிக்க வேண்டும். பிறகு முள்ளை உடலோடு ஒட்டி வைத்து, வளைவு எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் வயிற்றிலிருந்து முதுகுக்குக் குத்த வேண்டும். நுனியை மட்டும் முதுகுத் தோலுக்குள் லேசாக மறைத்துவிட்டால் பாசி சிக்காது. மீன் கவ்வியதும் பிளாஸ்டிக் நசுங்கி முள் வெளிப்படும்.

இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றே: பொம்மையைக் கோணலாகக் கோப்பது. கோணிய பொம்மை நீந்தாது, பம்பரம்போல் சுழலும், தங்கூசியும் முறுக்கிக்கொள்ளும். முதல் வீச்சுக்கு முன் கரையோரத் தண்ணீரில் ஒரு முழம் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சுழன்றால் கழற்றி மறுபடி கோக்க வேண்டியதுதான்.

தவளைக்கு லாபம், ஏரிக்கு?

தாத்தாவின் தவளை உயிரோடு துடித்தது. பேரனின் பொம்மைக்கு வலியில்லை. பயிர்ப் பூச்சிகளைத் தின்னும் தவளைகள் குறைவது கண்டே 1987-இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அந்த வகையில் பிளாஸ்டிக் மீன் நல்லதே. ஆனால் அறுந்து விழும் பொம்மை ஏரியில் மட்காது. மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கிவிடும். கிழிந்ததைக் கரையில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டு வருவதும், வலுவான தங்கூசி கட்டுவதும் வீசுபவரின் கடமை.

இன்னொன்றும் உண்டு. விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால், தாயோ தகப்பனோ அடியில் இருக்கும். அங்கே எதைப் போட்டாலும் சீறி வந்து கவ்வும். அதைப் பிடிப்பது சுலபம். பிடித்தால் காவலற்ற அத்தனை குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரை.

ஜீவனஹள்ளிக்கு அருகிலுள்ள அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நகரம் மறந்திருக்காது. கழிவுநீர் கலக்கும் ஏரியின் மீன் சமையலுக்கு உகந்ததல்ல. மேலும் பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதால், அனுமதி கேட்டறிந்த பின்பே தூண்டில் வீச வேண்டும்.

குஞ்சுக் கூட்டத்தைக் கண்டதும் தூண்டிலைச் சுருட்டுவது தாத்தா பேரனுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம். தவளையில்லாமலும் விரால் வரும் என்பது பேரன் தாத்தாவுக்குக் காட்ட வேண்டிய வித்தை. இரண்டும் கைமாறினால், அடுத்த தலைமுறைக்கும் ஏரியில் விரால் மிஞ்சும்.